பனியில் கிடந்த குப்பி

அத்தியாயம் 11

"அவ கம்பி எண்ணணும் மேடம். அதை நான் வெளியில நின்னு கண்குளிரப் பார்க்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

லேத் பட்டறைக்காரர் இதைச் சொன்னது எங்களிடம்தான். ஆனால் பார்த்தது ஸ்கேன் சென்டரின் மருந்து அறையில் மூலையில் நின்ற ஃபிரிட்ஜை. கையில் ஒரு சுத்தியல் இருந்திருந்தால் முதல் அடி அதற்கு விழுந்திருக்கும். அவருடைய தம்பியைக் கொன்றது அந்த ஃபிரிட்ஜ் என்றுதான் ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து மூடிய நர்ஸும் சேர்த்தி.

நடந்தது இதுதான். தம்பிக்காரன் கல்லீரல் ஸ்கேனுக்காகத் தன் காலால் நடந்து இங்கே வந்தான். படம் தெளிவாக விழுவதற்காக ஒரு ஊசி போட்டார்கள். மெஷினுக்குள் படுக்கை நகர்வதற்கு முன்பே மூச்சு முட்டிச் செத்துப் போனான். மருந்து கட்டி தட்டியிருந்தது, அந்தக் கட்டிகள் நுரையீரலை அடைத்துவிட்டன என்று ரிப்போர்ட் வந்தது. மருந்து ஏன் கட்டி தட்டியது? ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்து உறைய விட்டுவிட்டாள் நர்ஸ் என்றார், மருந்து செய்யும் கம்பெனியின் டைரக்டர். ஸ்கேன் சென்டரும் ஆமாம் போட்டது. அவளை இன்று சாயங்காலம் கைது செய்வதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். கேஸில் ஓட்டை எதுவும் விழுந்துவிடக் கூடாது, ஆணியை நன்றாக இறுக்கி அடியுங்கள் என்றுதான் பட்டறைக்காரர் எங்களைக் கூட்டி வந்திருந்தார்.

எங்கள் மேடத்துக்கு இந்தத் துப்பறியும் தொழிலில் குறடு என்று பெயர். பிடித்தால் விடமாட்டார். எனக்கு வாயாடி என்று பெயர். காரணம் கேட்பவர்களுக்கு நேரம் இருந்தால் சொல்வேன்.

"மேடம், ஃபிரிட்ஜுக்கும் வக்கீல் வெக்கணுமா?" என்றேன்.

"முதல்ல அதோட கதவைத் திற."

திறந்தேன். கதவில் பற்பசை நிறத்தில் ஒரு டியூட்டி சார்ட் தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு மஞ்சள் வாத்து, காந்த வாத்து. உள்ளே பின்சுவரில் பனி விரல் கனத்துக்குப் படர்ந்திருந்தது. நர்ஸுக்கு இது நல்ல செய்தி இல்லை. இந்த ஃபிரிட்ஜில் எதை வைத்தாலும் பின்பக்கம் உறையும் என்று கண் தெரியாதவன்கூடச் சொல்வான்.

மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நானே முந்தாநாள்தான் தெரிந்துகொண்டேன். இங்கே எல்லோரும் அதை 'மை' என்கிறார்கள், பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது இரும்புத் துரு. கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடித்து, ஒவ்வொரு துகளுக்கும் மேலே ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். சட்டை போட்டுவிட்ட மாதிரி. சட்டை இருக்கிற வரைக்கும் துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் தண்ணீரில் மிதக்கும், ரத்தத்தோடு சமர்த்தாக ஓடும். சட்டை கழன்றால் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு கல்லாகிவிடும்.

நர்ஸ் வாசலில் நின்றாள். சீருடை இல்லை, அதைத்தான் முதல் நாளே கழற்றி வாங்கிவிட்டார்களே. தூக்கமில்லாத கண்கள். பட்டறைக்காரர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அவள் முகத்தைப் போட்டு, கீழே 'கொலைகாரி' என்று அச்சடித்து, தெருத்தெருவாக ஒட்டியவர் அவர்தான். அதில் ஒன்றைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நர்ஸின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாளாம். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகவில்லை.

"நான் கதவுப் பக்கத் தட்டுலதான் வெச்சேன் மேடம். எப்பவும் அங்கதான் வெப்பேன். பின்னாடி உறையும்னு எனக்குத் தெரியாதா?"

"பொய்!" என்று ஃபிரிட்ஜைப் பார்த்தே கத்தினார் பட்டறைக்காரர். "மறுநாள் காலையில என் கண் முன்னாடிதான் டைரக்டர் சார் பின்சுவர்லேர்ந்து குப்பிங்கள எடுத்தாரு. அடியில மணல் மாதிரி கிடந்துச்சு. என் தம்பிக்கு அந்த மணலைத்தான் ஏத்தியிருக்கா!"

"கண் முன்னாடி எடுத்தாரு, சரி" என்றார் மேடம். "வெச்சது யாரு கண் முன்னாடி?"



"இறந்த அன்னிக்கு, அதுக்கப்புறம் இந்த ரூமுக்குள்ள யாரு வந்தாங்க?" மேடம் நர்ஸிடம் கேட்டார்.

"டைரக்டர் சார்தான் மேடம். சேதி கேட்டு ஓடி வந்தாரு. மிச்ச மருந்தைப் பார்க்கணும்னாரு. நான் கூட நின்னேன். மயக்கமா வருது, ஒரு கிளாஸ் தண்ணி கொண்டாம்மான்னாரு. கொண்டு வந்து குடுத்தேன்."

"குடிச்சாரா?"

நர்ஸ் யோசித்தாள். "இல்ல. மேஜை மேலேயே இருந்துச்சு."

"அவரைச் சந்தேகப்படாதீங்க மேடம்" என்றார் பட்டறைக்காரர். குரல் உடைந்தது. "தங்கமான மனுஷன். தம்பி போனதுலேர்ந்து தினமும் என் வீட்டுக்கு வந்து, என் பக்கத்துல உட்கார்ந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. போஸ்டர் ஒட்டணும்னு யோசனை சொன்னதே அவருதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆறுதல் சொல்ல வருகிறவன் தோளைக் கொடுப்பான், அழுவதற்கு. பசை வாளியையா கொடுப்பான்?

மேடம் ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் பின்சுவர்ப் பனியைச் சுரண்ட ஆரம்பித்தார். "ஃபிரிட்ஜ் சர்வீஸும் நம்ம கம்பெனில உண்டா மேடம்? போர்டுல சேர்த்து எழுதிடலாம்" என்றேன். அவர் நிறுத்தவில்லை. பனிப் பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதற்குள் ஏதோ கறுப்பாக இருந்தது.

குப்பி! மேல்தட்டிலிருந்து எப்போதோ பின்னால் விழுந்து, பனி மூடி, பாறைக்குள் மாட்டிய பூச்சி போலக் கிடந்திருக்கிறது. உள்ளே மருந்தும் கல்லாக உறைந்திருந்தது. மூடிமேல் இருந்த தகர முத்திரை உடையவில்லை.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "இது பழைய லாட் மேடம். லேபிளே வேற. நான் இங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி வந்தது."

"வாயாடி, அக்குளைத் திற."

"மேடம்?"

"இது உருகணும். ஊர்ல உன்னைவிடச் சூடான ஆள் யாரும் இல்ல."

அக்குளில் வைத்துக்கொண்டேன். முதுகுத்தண்டு வரை சிலிர்த்தது. "கோழியே பரவாயில்ல மேடம், அதுக்கு இறக்கை இருக்கு" என்று பல் தந்தியடிக்கச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பட்டறைக்காரர்கூட ஃபிரிட்ஜை விட்டு என் அக்குளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மை முழுக்க உருகியதும் மேடம் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

அடியில் ஒன்றுமே இல்லை. கறுப்புக் காபி மாதிரி ஒரே சீராக இருந்தது. கவிழ்த்தார், நிமிர்த்தினார். மணல் இல்லை, துரும்பில்லை.

மேடம் கதவிலிருந்த வாத்தைப் பிடுங்கிக் குப்பியின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தார். ஒன்றும் நகரவில்லை. சட்டை போட்ட துகளை இந்த மாதிரி விளையாட்டுக் காந்தம் அசைக்காது. பிறகு, கேஸுக்காக ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்த குப்பிகளில் ஒன்றை எடுத்தார். டைரக்டர் பின்சுவரிலிருந்து எடுத்துக் காட்டினாரே, அதில் ஒன்று. வாத்தை அருகில் கொண்டுபோனதுமே அடியில் கிடந்த மணல் எழுந்து கண்ணாடி வழியாக ஊர்ந்து வந்து வாத்தின் மூக்கடியில் கூடியது.

"அண்ணே" என்றார் மேடம் பட்டறைக்காரரிடம். "எத்தனையோ மாசமா பனிக்குள்ள புதைஞ்சு கிடந்த குப்பிக்கு ஒரு கேடும் இல்ல. ஒரே ஒரு ராத்திரி சுவர்ல சாஞ்ச குப்பி மணலாப் போச்சு. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே பேரு. எப்படி?"

பட்டறைக்காரர் வாத்தையே பார்த்தார். பிறகு, அன்றைக்கு முதல் தடவையாக, நர்ஸின் முகத்தைப் பார்த்தார்.

*

அந்த 'எப்படி'யைக் கேட்க நாங்கள் போன இடம், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த தண்ணீர்ப் பரிசோதனைக் கடை. வீட்டுக் குழாய்த் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் கடை. அதை நடத்தியவர் டைரக்டரின் கூடப் பிறந்த அக்கா. மையை முதலில் உருவாக்கியவரே அவர்தான். கம்பெனி வளர்ந்ததும் தம்பி அக்காவை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டான்.

நர்ஸைக் கூட்டிக்கொண்டோம். பட்டறைக்காரரும் கூட வந்தார். வரச் சொல்லவில்லை, வந்தார். ஸ்கேன் சென்டரின் ஸ்டோர் அலமாரியிலிருந்து, ஃபிரிட்ஜையே பார்க்காத புதுக் குப்பிகள் கொஞ்சம் எடுத்து வந்திருந்தோம். தம்பிக்காரனுக்குப் போட்ட அதே லாட். அந்த லாட்டில் முதல் ஊசியே அவனுக்குத்தான் விழுந்திருந்தது.

"என் மருந்து உறைஞ்சு கெட்டுப்போச்சா?" அக்கா வாய்விட்டுச் சிரித்தார். கசப்பான சிரிப்பு. "ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜ் எந்த லட்சணத்துல இருக்கும்னு தெரிஞ்சுதான் அதைச் செஞ்சேன். சர்க்கரைப் பூச்சு பூசி, தண்ணியிலயும் இன்னும் கொஞ்சம் சர்க்கரை கலந்து விட்டிருப்பேன். பனிக்கட்டியாக்கி எடுங்க, தூங்கி எழுந்த மாதிரி எழும்பி வரும்."

மேடம் புதுக் குப்பியை நீட்டினார். அக்கா வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மாறியது.

"இது என்னோடது இல்ல."

அவர் இரண்டு கிளாஸ் எடுத்தார். ஒன்றில் காய்ச்சி வடித்த, உப்பே இல்லாத தண்ணீர். இன்னொன்றில் அதே தண்ணீர், கூடவே ஒரு சிட்டிகை உப்பு. இரண்டிலும் மையைச் சொட்டினார். முதல் கிளாஸ் அழகாக, தெளிவாகத் தேநீர் நிறத்துக்கு வந்தது. இரண்டாவது கிளாஸில் மை கலங்கியது, திரிந்தது, பொலபொலவென்று கறுப்பு மணலாக அடியில் இறங்கியது.

"எலுமிச்சைப் புளிப்பு இருக்குல்ல, அந்த வகை அமிலத்துல பூசியிருக்கான்" என்றார் அக்கா. "சீக்கிரமா வேலை முடியும். நல்ல தண்ணியில ராஜா மாதிரி நிக்கும். உப்பு பட்டா நிக்காது. ரத்தம் உப்புதானே?"

பட்டறைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இதை அவர் சோதிச்சுப் பார்த்திருக்க மாட்டாரா?" என்று கேட்டேன்.

"பார்த்திருப்பான். வடிச்ச தண்ணியில. எங்க லேப்ல எல்லாரும் அப்படித்தான். உப்பு உள்ள போனா அளக்குற மெஷின் பாழாயிடும்னு பயம், அதனால சுத்தத் தண்ணியில போட்டுட்டு, ஆகா என்ன தெளிவுன்னு கைதட்டிட்டுப் போயிடுவாங்க. நான்தான் உப்பைப் போட்டுப் பார்க்கணும்னு தினம் சண்டை போடுவேன். மெஷினைக் கெடுக்குற பைத்தியம்னு பேர் வெச்சான்."

"பழைய மருந்து உறைஞ்சாலும் கெடாதுன்னு அவருக்குத் தெரியாதா?" மேடத்தின் கேள்வி.

"தெரியாது! துகள் மருந்து எதுவா இருந்தாலும் உறைஞ்சா போச்சுன்னு பாடத்துல படிச்சவன். படிச்சதோட சரி. என் மருந்தை ஒரு தடவைகூட அவன் உறைய வெச்சுப் பார்த்ததில்ல. அவன் தன் கையால உறைய வெச்ச முதல் குப்பியே, இந்தப் பொண்ணை மாட்டிவிட வெச்ச குப்பிதான்."

நான் விசிலடிக்கப் போய் நிறுத்திக்கொண்டேன். அவளைச் சிக்க வைக்க அவன் விரித்த வலையே, மருந்து மாறிப்போனதற்குச் சாட்சியாக வந்து நிற்கிறது. குப்பியைச் சும்மா கதவுத் தட்டிலேயே விட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் மாட்டியிருக்க மாட்டான்.

மேடத்துக்கு மட்டும் திருப்தி இல்லை. "சட்டை மாறினதுக்கு ஆதாரம் இருக்கு. ஆனா அது உப்புல திரியும்னு தெரிஞ்சேதான் வித்தான்னு சொல்ல ஆதாரம் இல்ல. தெரியாம நடந்துபோச்சு, பரிசோதனையில பாஸாச்சேன்னு அழுவான். கொஞ்ச நாள் உள்ள இருந்துட்டு வெளிய வந்துடுவான். அவன் வாயாலயே வரணும்."

"வரவைங்க" என்றார் அக்கா. கிளாஸின் அடியில் கிடந்த மணலை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். "சின்ன வயசுல அவனுக்கு நான்தான் சோறு ஊட்டுவேன். அந்த உரிமையில சொல்றேன். அவனை விடாதீங்க."

வழியில் காரில் பட்டறைக்காரர் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நர்ஸ். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலி. அவர் சொன்னார்: "போஸ்டரையெல்லாம் நானே கிழிச்சுடுறேன்."

நர்ஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என் பொண்ணு பையில இருக்குறதையும் நீங்களே வந்து கிழிங்க."

அவருடைய கோபம் முகவரியைத்தான் மாற்றிக்கொண்டிருந்தது. அளவில் ஒரு துளி குறையவில்லை. அவளுடையதோ அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

*

வெயில் சாயும்போது டைரக்டர் லேத் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். மடிப்புக் கலையாத சட்டை, சோகத்துக்கென்றே தைத்த முகம். 'நர்ஸ் எல்லார் முன்னாலயும் தப்பை ஒத்துக்கப் போறா, நீங்களும் கூட இருக்கணும் சார்' என்று பட்டறைக்காரர் போனில் அழைத்திருந்தார். கசக்குமா? பறந்து வந்துவிட்டார்.

வேலையாட்களை அனுப்பிவிட்டு இயந்திரங்களை நிறுத்தியிருந்தோம். தகரத் தடுப்புக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் இன்ஸ்பெக்டர், கையில் ஒலிப்பதிவு ஓடும் போனோடு. கைது செய்யத்தான் வந்திருந்தார். யாரை என்பதை மட்டும் கொஞ்ச நேரத்துக்கு ஒத்திப்போடச் சொல்லியிருந்தார் மேடம்.

காரிலேயே எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. ஊசியை நர்ஸ் நிரப்ப வேண்டும், பனியில் கிடைத்த பழைய குப்பியிலிருந்து. அது யாருக்கும் கெடுதல் செய்யாத மருந்து. ஊசி முனை தோலுக்கு மேலே நிற்க வேண்டும், உள்ளே போகக் கூடாது. குப்பியை நானே என் கையால் அவளிடம் கொடுத்தேன். புதுக் குப்பிகளும் அதே தட்டில்தான் இருந்தன.

டைரக்டர் நேராகப் பட்டறைக்காரரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தைரியமா இருங்க அண்ணே. உங்க தம்பியோட ஆத்மா இன்னிக்குத்தான் சாந்தி அடையும்."

"ஆமா சார்" என்றார் பட்டறைக்காரர். பிடித்த கையை அவரும் இறுக்கிக்கொண்டார். "இன்னிக்குத்தான்."

மேடம் உப்புக் கிளாஸைக் காட்டினார். மையைச் சொட்டினார். மணல் இறங்கியது. கிளாஸை ஒட்டி வாத்தை நகர்த்தினார், மணல் அதன் பின்னால் ஓடியது. டைரக்டர் வாத்தைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே, நிஜ வாத்தாக இருந்தால் பறந்திருக்கும்.

"உறைஞ்ச மருந்து மேடம். இப்படித்தான் ஆகும்" என்றார்.

"இது அலமாரியில இருந்த குப்பி. ஃபிரிட்ஜே பார்க்கல."

"அப்ப உங்க உப்புல ஏதோ கோளாறு. சமையல் உப்பை வெச்சு மருந்தைச் சோதிக்குறதா? நான் படிச்ச படிப்புல இதுக்குப் பேரு கூத்து." சிரித்தார். "என் மருந்து சுத்தம். எந்தக் கோர்ட்ல வேணாலும் சொல்லுவேன்."

"உறையாம இருந்தா சுத்தம்தானே?"

"நூத்துக்கு நூறு."

"நல்லது" என்றார் மேடம். "வாயாடி, சாருக்கு சட்டைக் கையை மடிச்சு விடு."

நான் மடிக்க ஆரம்பித்தேன். டைரக்டர் எழப் பார்த்தார், எழ முடியவில்லை. ஆறுதலுக்காக அவர் பிடித்திருந்த கை இப்போது அவரைப் பிடித்திருந்தது. நாள் முழுக்க இரும்பைப் பிடித்துப் பழகிய கை அது.

"என்ன இது? அண்ணே, விடுங்க! விளையாட்டா?"

"நீங்க சுத்தம்னு சொன்ன மருந்துதான் சார்" என்றேன். "கம்பெனி ஓனர், முதல் மரியாதை உங்களுக்குத்தான்."

நர்ஸ் வந்தாள். கையில் தட்டு, அதில் நிரப்பிய ஊசி, ரப்பர் பட்டை, பஞ்சு. அவள் நடந்து வந்த விதத்தில் அவசரம் எதுவும் இல்லை. பட்டையை அவர் முழங்கைக்கு மேலே கட்டினாள். நரம்பைத் தட்டி எழுப்பினாள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். இதையெல்லாம் ஒரு தாய் குழந்தைக்குச் செய்யும் பக்குவத்தில் செய்தாள். 

"பயப்படாதீங்க சார்" என்றாள். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அவ்வளவுதான். அவருக்கும் இதைத்தான் சொன்னேன். அவரு சிரிச்சாரு. ஒண்ணும் ஆகாதுல்ல சிஸ்டர்னு கேட்டாரு. ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் போனாரு."

ஊசி முனை நரம்புக்கு மேலே வந்து நின்றது. நுனியில் கறுப்பாக ஒரு சொட்டு தொங்கியது.

"மேடம், சொல்லுங்க! இவளை நிறுத்தச் சொல்லுங்க!"

மேடம் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தும்மா தங்கச்சி" என்றார் பட்டறைக்காரர். கொலைகாரி என்று தூற்றிய அதே வாய். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, பிடி மட்டும் தளரவில்லை. "சுத்தமான மருந்துதானே. ஏத்து."

முனை தோலைத் தொட்டது. தோல் கொஞ்சம் அமுங்கியது.

"வேண்டாம்! வேண்டாம்! அது ரத்தத்துல நிக்காது! உப்பு பட்டதும் திரிஞ்சுடும், செத்துடுவேன்!"

"யாரு சொன்னா?" என்றார் மேடம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

"லேப் பையன் சொன்னான்! லாட் வெளிய போறதுக்கு முன்னாடியே காட்டினான்! அடுத்த லாட்ல சரி பண்ணிக்கலாம்னு நான்தான் அனுப்பிட்டேன்... ஐயோ, ஊசியை எடுக்கச் சொல்லுங்க!"

"குப்பிங்கள பின்சுவர்ல சாய்ச்சது?"

"நான்தான்! நான்தான் வெச்சேன்! எடுக்கச் சொல்லுங்க!"

தகரக் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும் டைரக்டருக்கு வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. போலீஸைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட குற்றவாளியை நான் இதுவரை பார்த்ததில்லை.

பட்டறைக்காரர் பிடியை விட மறுத்தார். விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிரித்த பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ரப்பர் பட்டையைச் சுருட்டினாள். 

ஜீப் கிளம்பிய பிறகு அவள் என்னிடம் வந்தாள். "இந்தாங்க, உங்க குப்பி. இன்ஸ்பெக்டர்கிட்ட ஒப்படைக்கணும்ல" என்று பழைய குப்பியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். பட்டறைக்காரர் எழுந்து அவள் பின்னாலேயே போனார், போஸ்டர் கிழிக்க.

நான் குப்பியைச் சட்டைப்பையில் போடப் போனேன். கட்டைவிரலில் ஏதோ தட்டுப்பட்டது. பார்த்தேன்.

தகர முத்திரை. உடையவில்லை. மூடியில் ஊசி நுழைந்த தடம்கூட இல்லை. பனியிலிருந்து எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, கழுத்து வரை நிறைந்து இருந்தது.

தட்டைப் பார்த்தேன். புதுக் குப்பி ஒன்று மூடி துளைபட்டு, காலியாகக் கிடந்தது.

ஊசி எங்கே? மேடம் அதற்குள் அதை எடுத்து, லேத்துக்குக் கீழே இருந்த எண்ணெய்த் தொட்டியில், இரும்புச் சீவல்களுக்கு நடுவே பீய்ச்சிக்கொண்டிருந்தார். கடைசிச் சொட்டு வரைக்கும்.

"மேடம், அவ எந்தக் குப்பியை..."

"பார்த்தேன்."

"எப்ப?"

"அவ நிரப்பும்போதே."

 "பார்த்துட்டுமா கண்ணாடி துடைச்சுக்கிட்டு நின்னீங்க?"

"அவன் கத்துவான்னு எனக்குத் தெரியும்."

"கத்தலைன்னா?"

மேடம் காலி ஊசியை ஒரு துணியில் சுற்றினார். வாத்தை எடுத்து என் சட்டைப்பையில் போட்டார்.

"விளக்கை அணைச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.